வில்லுக்கத்தி அலகுக்குச் சாணை பிடிக்கப் பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தகரக் கொட்டிலில் நான் வில்லுக்கத்தி செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் இரண்டு மூன்று பேர் பழக வருவார்கள். வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் கதைப்பவர்களும் அப்படித்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். அலகைச் சாணை பிடிப்பதுதான் இதில் கூடுதலாக இருக்கும்.

வில்லுக்கத்தி என்று எதைச் சொல்கிறீர்கள்?

மடக்கினால் பிடிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் கத்தி. எங்கள் அப்பு அதை வில்லுக்கத்தி என்றுதான் சொல்வார். வேலை பெயரிலேயே இருக்கிறது. பிடியின் முதுகுப் பக்கம் ஓர் உருக்கு வில் இருக்கும். அது அலகின் அடிக்கட்டையை, அதாவது பிடிக்குள் நிற்கும் பின்பகுதியை, அழுத்திக்கொண்டே இருக்கும். அலகு திறந்து நிற்பதும் மூடிக் கிடப்பதும் அந்த அழுத்தத்தால்தான். வேறு பூட்டு கிடையாது. பொத்தானை அமத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை நான் செய்வதில்லை, பழக்குவதும் இல்லை.

குசினிக் கத்திக்குச் சாணை பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். குசினிக் கத்தியில் அலகின் அடிப்பகுதி மரப்பிடிக்குள் ஒட்டி மறைந்துவிடும். அங்கே கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தாலும் பசை நிரப்பிவிடும். வில்லுக்கத்தியில் அடிக்கட்டை இரண்டு உட்தகடுகளுக்கு நடுவே ஓர் ஆணியில் சுழல வேண்டும். அதன் இரண்டு முகங்களும் தட்டையாகவும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும் இருக்க வேண்டும். தடிப்பு வில்லின் தடிப்பைவிட மயிரிழைதான் கூட இருக்கலாம். கூடிவிட்டால் அலகு இறுகும், குறைந்துவிட்டால் ஆடும்.

ஆகவே அலகின் முன்பாதியைச் சாணை மெசினில் ஓடும் மணல் பெல்ட்டில் எவ்வளவு தேய்த்தாலும், பின்பாதியை அந்த பெல்ட் தொடவே கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடுதான் இந்த வேலை.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்த என் மாமாவுக்குச் சாக்கு நூல் வெட்ட ஒரு கத்தி செய்தேன். அலகு, வில், ஆணி எல்லாம் பொருந்திவிட்டன. பூட்டுவதற்கு முதல்நாள் அடிக்கட்டையின் ஓரத்தில் சின்னக் கறல் புள்ளி ஒன்றைக் கண்டேன். பெல்ட்டில் இரண்டு செக்கன் வைத்து எடுத்தேன். போனது 0.1 மில்லிமீற்றரிலும் குறைவு, அதுவும் ஒரு மூலையில் மட்டும். பூட்டிய பிறகு அலகு மூடும்போதெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து பித்தளை உட்தகட்டை உரசியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, வருசக்கணக்காக அதைத்தான் வைத்திருந்தார். அவர் போன பிறகு கத்தி திரும்ப என்னிடம் வந்தது. பித்தளையில் பிறை போல ஒரு கோடு ஆழமாக விழுந்திருக்கிறது. பழக வருகிறவர்களுக்கு முதலில் அந்தக் கோட்டைத்தான் காட்டுகிறேன்.

வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிறேன். மெசின் வைக்க இடமில்லை. பழக முடியாதா?

முடியும். அரம் போதும். ஒரு பலகையில் அலகை இறுக்கிப் பூட்டி, அரத்தின் பிடியில் நீளமான கோல் ஒன்றைப் பொருத்தி, அந்தக் கோலை எட்டத்தில் உள்ள ஒரு வளையத்தினூடாக ஓட விடுங்கள். அலகு முதுகிலிருந்து வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, நோக்கி மெலியும் சாய்வைத்தான் சரிவு என்கிறோம். வளையத்தின் உயரம்தான் சரிவின் கோணம். அரம் எத்தனை தரம் ஓடினாலும் கோணம் மாறாது. ஒரு அலகுக்கு இரண்டு மூன்று பின்னேரங்கள் எடுக்கும். சத்தம் குறைவு, தூசி பறக்காது, பிழை விட்டாலும் மெதுவாகத்தான் விடுவீர்கள். சரிவு என்பது கண்ணுக்கும் விரலுக்கும் விளங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. துவைச்சல் (சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்குவது) பிடித்த பிறகு அரம் ஏறாது என்பதால், அரத்தால் செய்கிறவர்கள் சரிவை முன்னமே முடித்துவிட வேண்டும்.

எந்த மெசின் வாங்குவது?

கத்திக்காரர்கள் பெரும்பாலும் பாவிப்பது 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள பெல்ட் ஓடும் மெசின். வெளிநாட்டிலிருந்து இறக்குவதைவிட, ஒரு நல்ல லேத் பட்டறையில் சில்லுகளைக் கடைந்து எடுத்து, சட்டத்தை வெல்டிங் செய்வது மலிவு. மோட்டருக்கு 1.5 கிலோவாட் காணும். மூன்று பேஸ் மோட்டரை வீட்டு 230 வோல்ட் ஒற்றைப் பேஸிலேயே இன்வேர்ட்டர் போட்டு ஓட்டலாம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது அந்த இன்வேர்ட்டரால்தான். அதற்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

வேகத்தைக் கணக்குப் பார்ப்பது இலகு. ஓட்டும் சில்லு 100 மில்லிமீற்றர் விட்டம், மோட்டர் நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் பெல்ட் நிமிடத்துக்கு 440 மீற்றர் ஓடும். 2800 சுற்று என்றால் 880 மீற்றர். பழகுகிறவருக்கு முதலாவதே நிறைய. அனுபவக்காரர்கள் கரடு பெல்ட்டில் வேகமாகவும் நைஸ் பெல்ட்டில் மெதுவாகவும் ஓட்டுவார்கள்.

கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரை வைஸில் பூட்டிச் சரிவு எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம்.

பழகுவதற்கு எந்த இரும்பு?

பழைய சோனகத் தெருவில் 25 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பில் சாதாரணத் தட்டை இரும்பு வாங்குங்கள். ஆறு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். மேலே கறுப்புத் தோல் இருந்தால் ஓர் இரவு வினாகிரியில் ஊறப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தோல் புது பெல்ட்டையும் மழுக்கிவிடும். மென் இரும்பு துவைச்சலுக்குக் கடினமாகாது, அதனால் கத்தி ஆகாது. ஆனால் கை பழக அது போதும், மனமும் நோகாது. குறைந்தது இருபது துண்டுகள் முடியும் வரை நல்ல உருக்கைத் தொட வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழைய லொறி வில்லுத்தகடு சரிவருமா?

உருக்கு நல்லது. ஆனால் சட்டைப்பைக் கத்தியின் அலகு 2 முதல் 2.5 மில்லிமீற்றர்தான். வில்லுத்தகடு அதைப்போல மூன்று நான்கு மடங்கு தடிப்பு. கம்மாலையில் காய்ச்சி அடித்து மெலிதாக்கத் தெரிந்தவருக்கு அது பொருள். எங்களைப் போலத் தேய்த்தே உருவாக்குகிறவருக்கு முக்கால்வாசி தூசியாகப் போய்விடும். இன்ன உருக்கு என்று தெரிந்து வாங்கும் மெல்லிய தகடுதான் நல்லது. 1095 அல்லது ஓ1 என்ற உருக்கு வகைகள் முதல் கத்திகளுக்குப் பொருத்தம். 1095 என்பதில் கரி ஏறக்குறைய 0.95 வீதம். காந்தம் ஒட்டாமல் போகும் 770 பாகையையும் தாண்டி, 800 பாகை செல்சியஸ் அளவில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். உடனே 200 பாகையில் இரண்டு மணித்தியாலம் வீதம் இரண்டு தரம் பதப்படுத்த வேண்டும்.

கறல் பிடிக்காத உருக்கு கொழும்புக் கடல்காற்றுக்கு மிக நல்லதுதான். ஆனால் அதற்கு ஆயிரம் பாகைக்கு மேல் திட்டமாகக் காய்ச்சும் மின் உலை வேண்டும். அது பிறகு.

துவைச்சலுக்கு முன் சாணை பிடிப்பதா, பின்னா?

மெசின் இருந்தால் பின்னுக்கு. இவ்வளவு மெல்லிய அலகில் முதலே சரிவு எடுத்துவிட்டு எண்ணெயில் தோய்த்தால் வாழையிலை போல வளைந்து வரும். நான் செய்யும் ஒழுங்கு இது: வடிவத்தை வெட்டி, ஆணித் துளை போட்டு, நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தையும் வெட்டி, வில்லோடு பொருத்தித் திறந்த நிலை, பாதி, மூடிய நிலை மூன்றிலும் வில்லின் முதுகு பிடியோடு ஒரே மட்டமாக நிற்கும்வரை அடிக்கட்டையை அரத்தால் சரிசெய்வேன். பிறகு துவைச்சல், பதம். அதற்குப் பிறகுதான் அலகு பெல்ட்டுக்குப் போகும்.

முன்னமே சரிவு எடுக்கத்தான் வேண்டும் என்றால் வாயில் 0.6 மில்லிமீற்றராவது தடிப்பு விட்டு வையுங்கள்.

எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது?

இதை எழுத்தில் சொல்வது கஷ்டம். இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் கோடு. 2.5 மில்லிமீற்றர் தடிப்பான அலகு என்றால் 2.5 மில்லிமீற்றர் ட்ரில் பிட் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒரு கண்ணாடித் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். பிட்டின் நுனி அலகின் நடுமட்டத்தில் நிற்கும். வாய்ப்பக்கத்தை மார்க்கர் பேனையால் கறுப்பாக்கி, அந்த நுனியால் கீறுங்கள். திருப்பிப் போட்டு இன்னொரு தரம் கீறுங்கள். கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவில் நெருங்கிய இரண்டு கோடுகள் விழும். அவற்றுக்கு நடுவேதான் கத்தியின் வாய் வர வேண்டும். அந்த இடைவெளிக்குள் நீங்கள் நுழையவே கூடாது.

அடுத்து, தேய்ந்துபோன 40 ஆம் இலக்க பெல்ட்டில் (இலக்கம் குறையக் குறைய மணல் கரடு) இரண்டு ஓரங்களையும் 45 பாகை அளவில் அந்தக் கோடு வரை சாய்த்து எடுங்கள். கூர்மூலையைப் புது பெல்ட்டில் வைத்தால் அது பெல்ட்டின் மணலைச் சுரண்டி எடுத்துவிடும். இதற்கென்றே பழைய பெல்ட் ஒன்றை வைத்திருக்க வேண்டும்.

இப்போது புது 60. அலகின் வாய் மேல்நோக்கி இருக்கட்டும். பெல்ட் கீழ்நோக்கி ஓடும். ஒரு கை அடிக்கட்டையைப் பிடிக்கும், மற்றக் கையின் பெருவிரல் அலகின் பின்பக்கத்தை அழுத்தும். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டுங்கள். கையை அசைக்க வேண்டாம். கால்களை அகட்டி நின்று, பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றுங்கள். உடம்பு போகும், அலகு கூடப் போகும். அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. நடுவில் நிற்கக் கூடாது, நின்ற இடத்தில் குழி விழும்.

சரிவு வாயிலிருந்து தொடங்கி முதுகை நோக்கி ஏற வேண்டும். ஏற்றுவதற்கு அலகின் முதுகை ஒரு பொட்டு பெல்ட் பக்கம் சாய்த்து, பெருவிரலின் அழுத்தத்தை மேலே இல்லாமல் முதுகுப் பக்கமாக மாற்றுங்கள். எங்கே தேய்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் தீப்பொறி சொல்லும். பொறி வாயைத் தாண்டி மேலே தெறித்தால் பெல்ட் வாயைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் மூன்று இழுப்பு, தண்ணீர், மற்றப் பக்கம் மூன்று இழுப்பு, தண்ணீர்.

ஒரு பக்கம் வடிவாக வருகிறது, மற்றப் பக்கம் கோணலாக வருகிறது. ஏன்?

எல்லோருக்கும் அப்படித்தான். பக்கம் மாறும்போது கையும் மாறுகிறது. பழக்கமில்லாத கை வழிகாட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு வழி: வராத பக்கத்தை முதலில் எடுங்கள். வரும் பக்கத்தை அதற்கு ஏற்றபடி பொருத்துவது இலகு. மறுவளமாகச் செய்தால், நல்ல கை எடுத்த அழகான சரிவைக் கெட்ட கையால் பின்தொடர வேண்டி வரும்.

என்னிடம் பழகியவர்களில் மிக விரைவாக இரண்டு பக்கமும் எடுத்தவர் ஓர் அக்கா. பல் வைத்தியத்துக்குச் செயற்கைப் பல் செய்யும் வேலையில் இருக்கிறார். சுழலும் கல்லில் சின்னப் பொருளைப் பிடித்துத் திருப்பி நாளெல்லாம் பழகிய விரல்கள். ஏழாவது துண்டிலேயே இரண்டு சரிவும் கண்ணாடியில் பார்த்ததுபோல வந்தன. அவர் அலகைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. விரல் நுனியில் வரும் அதிர்வைக் கவனித்தார். அன்றிலிருந்து நானும் மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

சரிவு தொடங்கும் கோடு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வர என்ன செய்வது?

கடினப்படுத்திய உருக்குத் துண்டுகள் இரண்டை இரண்டு போல்ட்டால் இணைத்து, அலகை நடுவே வைத்து இறுக்கும் ஒரு பிடி இருக்கிறது. அதன் விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே பெல்ட்டின் ஓரம் முட்டி நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே விளிம்பு, ஆகவே கோடு ஒன்றுதான். அடிக்கட்டையையும் அது காப்பாற்றும். கையாலேயே எல்லாம் பழக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கோணத்தைக் கையால் பழகுங்கள். ஆனால் வில்லுக்கத்தியில் இந்தப் பிடி இல்லாமல் வேலை செய்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. பெல்ட்டை ஓட்டும்போது அதன் ஓரம் பின்னால் உள்ள தட்டைத் தகட்டைவிட ஒரு மில்லிமீற்றர் வெளியே நிற்கும்படி தள்ளி வையுங்கள். கோட்டின் மூலை வெட்டியது போல் இல்லாமல் சற்று வளைந்து வரும். வளைந்த மூலை பார்க்கவும் நல்லது, அந்த இடத்தில் உருக்கு வெடிக்கும் வாய்ப்பும் குறைவு.

நுனி மெலிந்து வட்டமாகப் போகிறது.

நுனியில் வந்து நிற்கிறீர்கள், அல்லது அலகு நுனியில் வளைந்து ஏறும்போது கையை நேராகவே இழுக்கிறீர்கள். வளைவு தொடங்கும் இடத்திலிருந்து அடிக்கட்டைப் பக்கத்தை மெல்லத் தாழ்த்த வேண்டும். பெல்ட் எப்போதும் வாய்க்குக் குறுக்கே ஓட வேண்டும். அழுத்தத்தை நுனிக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்பே விட்டுவிடுங்கள்.

எவ்வளவு கோணம்?

கோணத்தைவிட இரண்டு அளவுகளைக் கேளுங்கள்: சரிவின் உயரம், முடிவில் வாயின் தடிப்பு. 2.5 மில்லிமீற்றர் அலகில் சரிவு 18 மில்லிமீற்றர் ஏறி, வாயில் 0.4 மில்லிமீற்றர் மிஞ்சினால் ஒரு பக்கத்துக்கு 3 பாகைக்குக் கொஞ்சம் கூட வரும். நினைத்துப் பாருங்கள், எவ்வளவு சிறிய சாய்வு! அதனால்தான் மணிக்கட்டு கொஞ்சம் அசைந்தாலும் பெரிதாகத் தெரிகிறது. பிறகு 120, 220, 400 என்று பெல்ட் மாறும்போது வாய் 0.3க்கு இறங்கும். கடைசியில் கல்லில் தீட்டும்போது ஒரு பக்கம் 15 முதல் 18 பாகை.

வாய் நீலமாகிவிட்டது. துடைத்தால் போகுமா?

நிறம் போகும், பதம் திரும்பாது. நீலம் என்றால் அந்த இடம் 300 பாகை அளவுக்குச் சுட்டிருக்கிறது. 200 பாகையில் வைத்த பதம் அங்கே முடிந்தது. மென்மையான அந்தப் பகுதி கூரைப் பிடித்து வைத்திருக்காது. வைக்கோல் மஞ்சள் மட்டும் தெரிந்து உடனே தண்ணீரில் வைத்திருந்தால் பெரும்பாலும் தப்பலாம். நீலம் என்றால் அந்தப் பகுதி முழுதும் தேய்ந்து போகும் வரை வாயைப் பின்னுக்கு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் துவைச்சல். வில்லுக்கு அதே நீலம்தான் வேண்டும். வளைந்து திரும்புகிற பதம் அங்கேதான் இருக்கிறது. ஒரே நிறம், ஒரு கத்தியின் இரண்டு உறுப்புகளுக்கு இரண்டு விதி.

சுடாமல் இருக்க: கையுறை இல்லாத வெறுங்கை, வாளித் தண்ணீர், புது பெல்ட். அலகைத் தோய்த்துத் துடைக்காமலே பெல்ட்டுக்குக் கொண்டு போங்கள். வாயில் ஒரு தண்ணீர்ச் சொட்டு ஒட்டியிருக்கும். அதையே பாருங்கள். சொட்டு சுருங்கத் தொடங்கினால் உடனே எடுங்கள். பெல்ட்டை மிச்சம் பிடிக்கப் போய் அலகைத் தொலைக்காதீர்கள். மழுங்கிய பெல்ட் வெட்டாது, உரசிச் சுட மட்டும்தான் செய்யும்.

தட்டையான சரிவா, குழிவான சரிவா?

முதலில் தட்டை. குழிவு எடுக்க 8 அல்லது 10 அங்குல இறப்பர்ச் சில்லு வேண்டும். அலகு ஒருதரம் தடம் பிடித்தால் அந்தத் தடத்திலேயே ஓடும், அதனால் சிலர் அதுதான் இலகு என்பார்கள். ஆனால் தடம் பிழைத்தால் திருத்துவது மிகக் கஷ்டம். மாம்பழம் சீவ, நூல் வெட்ட, ஒட்டுக்கட்டச் செடி சீவ, முதுகு வரை ஏறிய தட்டைச் சரிவே நல்லது.

மழைக்காலத்தில் பெல்ட் அறுகிறது.

ஈரம். பெல்ட்டின் பசை மூட்டு ஈரக்காற்றில் தளரும், துணி சுருளும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதிகளோடு வையுங்கள். அலகுக்கும் அதே கவனம் வேண்டும். கொழும்பில் சாணை பிடித்த 1095 அலகைக் கைவியர்வையோடு இரவு மேசையில் விட்டால் காலையில் விரல் அடையாளம் கறலாகத் தெரியும். வேலை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் மெசின் எண்ணெய் பூசுங்கள்.

பாதுகாப்பு?

சாரத்தோடு மெசினுக்கு முன் நிற்க விடமாட்டேன். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த தலைமயிர் எதுவும் கூடாது. கையுறை கூடாது, பெல்ட் அதைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி கட்டாயம். மூக்குக்குக் கொரோனா காலத்துத் துணி மாஸ்க் காணாது. வடிகட்டி மாற்றும் அரை முகமூடி வாங்குங்கள். உருக்குத் தூசி அன்றைக்கு ஒன்றும் செய்யாது, அதனால்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. பொறி விழும் இடத்தில் தண்ணீர்த் தட்டு வையுங்கள். அலுமினியம் தேய்த்த தூள் இருக்கும் இடத்தில் உருக்குத் தேய்க்க வேண்டாம், அது தீப்பிடிக்கும். கூராகிய அலகை பெல்ட் பிடுங்கி எறியும். அது விழப்போனால் பிடிக்கப் போகாமல் காலைப் பின்னுக்கு எடுங்கள்.

செய்த கத்தியைக் கொண்டு திரியலாமா?

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இந்த நகரத்தில் வீட்டில் கிடந்த கத்திகளுக்கே விளக்கம் சொல்ல வேண்டி வந்ததை நாங்கள் மறக்கவில்லை. வேலைக்குத் தேவை என்றால் வேலை இடத்தில் வையுங்கள். பஸ்ஸிலும் கோயில் திருவிழாவிலும் சட்டைப்பையில் வேண்டாம். என்னிடம் பழகுகிறவர்கள் அலகையும் பிடியையும் தனித்தனியாகத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டு போவார்கள்.

நம் நாட்டில் பழைய வேலைப்பாடு எங்கே பார்க்கலாம்?

1877 இல் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலையில் கண்டிக் காலத்துப் பிஹா கெத்த கத்திகள் இருக்கின்றன. மடக்குகிறவை அல்ல. ஆனால் வெள்ளியும் பித்தளையும் பதித்த அந்தக் கத்திகளில் அலகு பிடியோடு சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். சமனலவெவப் பக்கம் மேற்கு நோக்கிய சரிவுகளில் பருவக்காற்றாலேயே ஊதி உருக்கு எடுத்த உலைகள் ஆயிரம் வருசத்துக்கு முந்தியவை. ஜில் ஜூலெஃப் (Gill Juleff) என்ற ஆய்வாளர் அதை 1996 இல் உலகுக்குச் சொன்னார்.

பிழைத்த அலகுகளை எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். மென் இரும்பில் பழகிய ஒவ்வொரு துண்டிலும் திகதி எழுதுங்கள். பிறகு இரும்பு வாளால் அடி, நடு, நுனி என மூன்று இடத்தில் குறுக்கே அறுங்கள். வெட்டுமுகத்தை 400 தாளில் தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முக்கோணம் தெரியும். அதன் கூர் நடுவில் நிற்கிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது, பக்கங்கள் நேர்கோடா, வயிறு தள்ளுகிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது வடிவாக இருந்த அலகு உள்ளே எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். என் கொட்டிலில் ஒரு கம்பியில் அப்படி அறுத்த துண்டுகளைக் கோர்த்து வைத்திருக்கிறேன். அக்காவின் ஏழாவது துண்டும் அதில்தான் இருக்கிறது. வந்தால் கழற்றிக் கையில் தருகிறேன்.